கடையை மூடாமல் இன்ஸ்டாகிராமை விட்டு விலகுவது எப்படி?

கேள்வி: துணியில் கைப்பைகள் தைத்து விற்கிறேன். என்னுடன் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். ஆர்டர் எல்லாம் இன்ஸ்டாகிராமில்தான் வருகிறது. காலையில் எழுந்ததும் டிஎம் (தனிச் செய்தி), தைக்கும்போது நடுநடுவே டிஎம், இரவு பதினொன்றுக்கும் டிஎம். வாரம் ஐந்து ரீல்ஸ் போடுகிறேன். போடாவிட்டால் ரீச் (பதிவைப் பார்ப்பவர் எண்ணிக்கை) விழுந்துவிடுகிறது. தூக்கம் கெட்டுவிட்டது. கணக்கையே அழித்துவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. விலகினால் வியாபாரம் படுத்துவிடுமா? ஃபாலோயர்களிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டுமா? உதவிக்கு இருக்கும் பெண்ணிடம் கணக்கை ஒப்படைத்துவிட்டால் போதாதா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

கணக்கை அழிக்காதீர்கள். மற்ற எதைச் செய்தாலும் பிறகு திருத்திக்கொள்ளலாம், இதைத் திருத்த முடியாது. இன்ஸ்டாகிராமில் நீக்கச் சொல்லி 30 நாள் கடந்துவிட்டால் கணக்கு திரும்பாது. அதே யூசர்நேம் மறுபடி கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. வேறு யாராவது அதை எடுத்துக்கொண்டால், உங்கள் பழைய வாடிக்கையாளர் தேடி வரும்போது அவர்தான் கண்ணில் படுவார். தற்காலிகமாக முடக்கி வைப்பதும் உங்களுக்கு உதவாது. முடக்கியிருக்கும்வரை உங்கள் படங்கள், கமெண்ட்கள் எல்லாம் மறைந்துவிடும். உங்கள் பையோடு படம் எடுத்து உங்களை டேக் செய்தவர்களின் பதிவில் உங்கள் பெயரைத் தட்டினாலும் ஒன்றும் திறக்காது. நல்ல பெயர் சொல்லும் அத்தனை சாட்சியும் ஒரே நாளில் காணாமல் போகும்.

உங்கள் கடிதத்தையே இன்னொரு முறை படித்துப் பாருங்கள். ரீல்ஸ் பற்றி ஒரு வரி. டிஎம் மூன்று முறை. உங்கள் நேரத்தைத் தின்பது பதில் சொல்லும் வேலை. விலக நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் பதிவு போடுவதை நிறுத்துகிறார்கள், டிஎம்மைத் திறந்தே வைக்கிறார்கள். அப்போது விசாரணை குறைகிறது, ஆனால் வருகிற நாலு விசாரணைக்காக ஆப்பைத் திறப்பது குறைவதில்லை. திறந்தால் அரை மணி நேரம் போகிறது. வரவும் குறைந்து, நேரமும் மிஞ்சாமல், இரண்டு மாதத்தில் பழையபடி தினமும் ரீல்ஸ் போட உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆகவே வரிசையைத் திருப்புங்கள். முதலில் விசாரணையை வெளியே நகர்த்துங்கள். அடுத்து வாடிக்கையாளர் பட்டியலை உங்கள் கைக்குக் கொண்டு வாருங்கள். பதிவுகளைக் குறைப்பது கடைசி.

அதற்கும் முன்னால் நான்கு வாரம் ஒரு கணக்கு எழுத வேண்டும். "ஆர்டர் எல்லாம் இன்ஸ்டாகிராமில்தான்" என்கிறீர்கள். ஆர்டர் அங்கே பேசி முடிகிறது என்பது சரி. அங்கேதான் பிறக்கிறதா என்பது வேறு கேள்வி. தோழி சொல்லி வந்தவரும், போன வருடம் வாங்கியவரும், யாரோ தோளில் மாட்டியிருந்த பையைப் பார்த்து விசாரித்தவரும் கடைசியில் டிஎம்மில்தான் வந்து நிற்பார்கள், ஏனென்றால் வேறு கதவை நீங்கள் காட்டவில்லை. ஒரு நோட்டில் நான்கு பத்தி போடுங்கள்: தேதி, ஆர்டர், புதியவரா பழையவரா, முதலில் எப்படித் தெரிந்தது. கேட்கும் விதமும் முக்கியம். "எங்கே பார்த்தீங்க?" என்று கேட்டால் எல்லோரும் "இன்ஸ்டாவில்" என்றுதான் சொல்வார்கள். "எங்களைப் பற்றி முதல்முதலாக யார் மூலமா தெரிஞ்சுது?" என்று கேளுங்கள், அப்போதுதான் அக்கா பெயரும் அலுவலகத் தோழி பெயரும் வரும்.

நான்கு வாரத்தில் நாற்பது ஆர்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில் பதினெட்டு பேர் பழைய வாடிக்கையாளர், பன்னிரண்டு பேர் யாரோ சொல்லி வந்தவர்கள், மீதி பத்துப் பேர்தான் ரீல்ஸ் பார்த்து வந்த புதியவர்கள் என்றால், நீங்கள் பயப்பட வேண்டியது அந்தப் பத்தைப் பற்றி மட்டும். மாறாக, முப்பது பேர் முன்பின் தெரியாத புதியவர்கள் என்றால் அவசரப்படாதீர்கள். கீழே சொல்லும் மூன்று மாதத் திட்டத்தை ஆறு மாதமாக நீட்டுங்கள். வாழ்நாளில் ஒருமுறை மட்டும் வாங்கும் பொருளோ சேவையோ விற்பவர்களுக்கு இந்த எண்ணிக்கை இப்படித்தான் வரும், அவர்களுக்கு விலகல் கடினம். பை அப்படிப்பட்ட பொருள் இல்லை, பிடித்தால் இரண்டாவது வாங்குவார்கள், பரிசாகவும் கொடுப்பார்கள். அதனால் நீங்கள் நோட்டில் எழுதும் கணக்கு நன்றாகவே வரும் என்பது என் ஊகம். ஊகத்தை நம்பாமல் எழுதிப் பாருங்கள். இன்ஸ்டாகிராம் இன்சைட்ஸில் (கணக்கின் புள்ளிவிவரப் பகுதி) கடந்த 90 நாளுக்கான ப்ரொஃபைல் வருகை, லிங்க் தட்டல் எண்களையும் இப்போதே குறித்து வையுங்கள், பிறகு ஒப்பிட உதவும்.

இனி விசாரணை. ஒரு பைக்கு டிஎம்மில் எத்தனை முறை பேச வேண்டியிருக்கிறது? "ஹாய்", "இது இருக்கா?", "வேற கலர்?", "உள்ளே ஜிப் வருமா?", "எப்போ கிடைக்கும்?", "விலை?" என்று பத்துப் பதினைந்து செய்தி சுலபமாகப் போகும், அதுவும் இரண்டு நாளாக விட்டுவிட்டு. இதை ஒரு படிவமாக்குங்கள். கூகுள் ஃபார்ம்ஸ் இலவசம், அது போதும். கேள்விகள் எட்டுக்கு மேல் வேண்டாம்: பெயர், போன் எண், என்ன உபயோகத்துக்கு, அளவு (சிறியது, நடுத்தரம், பெரியது, அகலம் உயரம் சென்டிமீட்டரில் போட்டு), நிறம், உள் ஜிப் வேண்டுமா, எந்தத் தேதிக்குள் வேண்டும், எங்களைப் பற்றி முதலில் எப்படித் தெரிந்தது. கடைசிக் கேள்வி உங்கள் நோட்டு வேலையையும் சேர்த்துச் செய்துவிடும். படிவத்தின் உச்சியில் ஒவ்வொரு அளவின் விலையையும், தைத்து முடிக்க ஆகும் நாளையும் எழுதிவிடுங்கள். "விலைக்கு டிஎம் செய்யவும்" என்று எழுதும் பழக்கம் உங்களுக்கும் இருந்தால் இன்றோடு அதை விடுங்கள். உங்கள் இன்பாக்ஸில் பாதிக் கூட்டத்தை அழைத்து வருவது அந்த ஒரு வரிதான்.

படிவத்தில் இரண்டு இடத்தில் சிக்கல் வரும். மாதிரிப் படம் அனுப்பச் சொல்லி ஃபைல் அப்லோட் கேள்வி வைத்தால், நிரப்புகிறவர் கூகுள் கணக்கில் லாகின் செய்தாக வேண்டும். பலர் அங்கேயே திரும்பிவிடுவார்கள். படம் வேண்டுமென்றால் படிவம் வந்த பிறகு நீங்கள் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது, படிவம் வந்தது தெரியாமலே போவது. பதில்கள் பகுதிக்குப் போய்ப் புதுப் பதில் வந்தால் மின்னஞ்சல் வரும்படி அமைத்துவிடுங்கள். கை நிறைய வேலை இருக்கும் வாரத்தில் பதில் ஏற்பதை நிறுத்திவிட்டு, "அடுத்த ஆர்டர் இந்தத் தேதியில் திறக்கும்" என்று எழுதி வைக்கலாம். டிஎம்மில் இந்த வசதி இல்லை.

படிவம் தயாரானதும் டிஎம்மில் வருபவர்களை அங்கே அனுப்ப வேண்டும். இன்ஸ்டாகிராமின் தாய் நிறுவனமான மெட்டா கொடுக்கும் நிர்வாகக் கருவியான மெட்டா பிசினஸ் சூட்டில் தானியங்கிப் பதில் அமைக்கலாம். "உங்கள் செய்திக்கு நன்றி, விரைவில் தொடர்பு கொள்கிறோம்" என்று எழுதிவிடாதீர்கள். விரைவில் என்றால் பத்து நிமிடம் என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார், பத்து நிமிடம் கழித்து ஒரு கேள்விக்குறி அனுப்புவார். இப்படி எழுதுங்கள்:

"வணக்கம். இங்கே வரும் செய்திகளைச் செவ்வாய், வெள்ளி மட்டும் பார்க்கிறோம். அளவு, நிறம், விலை, எத்தனை நாளில் கிடைக்கும் என்ற விவரமெல்லாம் கீழே உள்ள படிவத்தில் இருக்கிறது. அதை நிரப்பினால் ஒரு வேலை நாளுக்குள் நாங்களே அழைக்கிறோம். ஏற்கெனவே ஆர்டர் கொடுத்தவர்கள் பில்லில் உள்ள எண்ணுக்கு வாட்ஸ்அப் செய்யுங்கள்."

நாள், நேரம், வழி மூன்றும் அதில் இருக்கிறது. சொன்னபடி ஒரு வேலை நாளுக்குள் அழைத்துவிடுங்கள். இரண்டு முறை தவறினால் ஜனங்கள் மறுபடி டிஎம்முக்கே திரும்புவார்கள், அதில் அவர்கள் மேல் தப்பில்லை.

வாட்ஸ்அப்பை ஆர்டர் கொடுத்தவர்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எண்ணை எல்லோருக்கும் கொடுத்தால் அதே பதினொன்று மணித் தொல்லை பச்சை நிறத்தில் தொடரும். வியாபாரத்துக்குத் தனி எண் எடுத்து வாட்ஸ்அப் பிசினஸில் போடுங்கள். வேலை நேரத்தை அமைத்து, அதற்கு வெளியே அவே மெசேஜ் (இப்போது இல்லை என்று சொல்லும் தானியங்கிப் பதில்) போகும்படி வையுங்கள். கிரீட்டிங் மெசேஜ் (தானாகப் போகும் வரவேற்புச் செய்தி) முதல்முறை எழுதுபவருக்கும், 14 நாள் பேச்சில்லாமல் இருந்து மறுபடி எழுதுபவருக்கும் மட்டும் போகும், ஆகவே வழக்கமாகப் பேசுபவரை அது தொந்தரவு செய்யாது. ப்ளூ டிக்கையும் லாஸ்ட் சீனையும் அணைத்துவிடுங்கள். "பார்த்துட்டும் பதில் இல்லையே" என்ற பேச்சு அத்தோடு நிற்கும். அடிக்கடி தட்டும் பதில்களை, அதாவது துவைக்கும் முறை, அனுப்பும் நாள், மாற்றித் தரும் விதி போன்றவற்றை, குயிக் ரிப்ளையில் சேமித்து வைத்தால் இரண்டு எழுத்தில் முடியும்.

இந்தக் கட்டத்தில் பலர் வாடிக்கையாளர் பட்டியலையும் வாட்ஸ்அப்பிலேயே வைத்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும் ஒரே முதலாளியுடையவை. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஒன்றாக முடங்கின. மூன்றிலும் கடை வைத்திருந்தவர்களுக்கு அன்றைக்கு ஒரு கடையும் இல்லை. ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்டுக்கு இன்னொரு குறையும் உண்டு: ஒரு பட்டியலில் 256 பேர்தான், அதிலும் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். "எல்லாருக்கும் அனுப்பினேன், ஒருத்தரும் பதில் போடலை" என்ற புலம்பலுக்குப் பாதிக் காரணம் இதுதான். டெலிவரி கொடுக்கும்போதே "எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு அட்டை வையுங்கள்.

பட்டியல் உண்மையில் உங்களுடையதாக இருக்க வேண்டுமென்றால் பெயர், போன், மின்னஞ்சல், கடைசியாக வாங்கிய பொருள், வாங்கிய மாதம் என்று ஒரு ஸ்ப்ரெட்ஷீட் வேண்டும். பழைய ஆர்டர்களையெல்லாம் தோண்டி எடுக்க இரண்டு நாள் ஆகலாம், ஆகட்டும். இந்தத் திட்டம் முழுவதிலும் அதிக லாபம் தரும் இரண்டு நாள் அவைதான். அதோடு இன்ஸ்டாகிராமின் அக்கவுண்ட்ஸ் சென்டரில் உங்கள் தகவலை டவுன்லோட் செய்யக் கோரலாம். எச்டிஎம்எல் வடிவம் கேளுங்கள், ஜேசன் வடிவம் படிக்கச் சிரமம். படங்கள், டிஎம் உரையாடல்கள் எல்லாம் ஒரு கோப்பாக வரும். லிங்க் சில நாளில் காலாவதியாகிவிடும், வந்ததும் இறக்கிவிடுங்கள்.

பட்டியலில் இருப்பவர்களுக்கு மாதம் ஒரு மின்னஞ்சல் போதும். பட்டியலில் சேர்க்கலாமா என்று அவர்களிடம் கேட்டுவிட்டே சேர்க்க வேண்டும். சாதாரண ஜிமெயிலில் எல்லோரையும் பிசிசியில் (ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாத முறையில்) போட்டு அனுப்பாதீர்கள். நாளொன்றுக்கு 500 பேர் என்ற வரம்பு ஒருபுறம், விலகிக்கொள்ள வழியே இல்லாததால் எரிச்சலில் ஸ்பாம் பொத்தானை அமுக்குவார்கள் என்பது மறுபுறம். செய்திமடல் அனுப்பும் சேவைகள் சிறு பட்டியலுக்கு இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் அனுப்புநர் முகவரியாக ஜிமெயில் முகவரியைப் போட்டால் ஸ்பாமில் விழ வாய்ப்பு அதிகம்; கடை பெயரில் சொந்த டொமைன் (இணைய முகவரி) வாங்கி, கடிதம் உண்மையில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று உறுதிசெய்யும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளைச் சேர்த்த பிறகு அனுப்புங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் இதில் கறாராக இருக்கின்றன. எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணை நம்ப வேண்டாம். 2021இல் ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமை வசதியால், படிக்காத கடிதமும் திறந்ததாகப் பதிவாகும். எத்தனை பேர் லிங்க்கைத் தட்டினார்கள், எத்தனை பேர் பதில் எழுதினார்கள் என்று மட்டும் பாருங்கள். என்ன எழுதுவது என்று மலைக்க வேண்டாம்: இந்த மாதம் வந்த துணி, அதில் தைக்க முடிகிற பைகள் எத்தனை, ஆர்டர் திறக்கும் தேதி. மூன்று படம், பத்து வரி.

நேரில் வந்து வாங்குபவர்களும் உண்டு என்றால் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலும் (கூகுள் தேடலிலும் மேப்ஸிலும் கடையைக் காட்டும் பக்கம்) உருவாக்குங்கள். வீட்டிலிருந்தே வேலை, பையை நீங்களே நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறீர்கள் என்றால் முகவரியை மறைத்து, சேவைப் பகுதியை மட்டும் காட்டலாம். கூரியரில் மட்டும் அனுப்பும் கடைக்கு அந்த வசதிக்குத் தகுதியில்லை. பொய் முகவரி கொடுத்துச் சேர்த்தால் பிறகு முடக்கப்படும்.

இவ்வளவும் ஓடத் தொடங்கிய பிறகுதான் பதிவுக்கு வருகிறோம். வாரம் ஐந்து ரீல்ஸை ஒரேயடியாகப் பூஜ்யமாக்காமல், ஒரு மாதம் வாரம் இரண்டு, அடுத்த மாதம் வாரம் ஒன்று, அதன்பின் பதினைந்து நாளுக்கு ஒன்று என்று இறக்குங்கள். மாதத்தில் ஒரு மதியம் உட்கார்ந்து எல்லாவற்றையும் எடுத்து, பிசினஸ் சூட்டில் கணினியிலிருந்து தேதி போட்டு வையுங்கள். போனிலிருந்து ஆப்பை எடுத்துவிடுங்கள். நோட்டிஃபிகேஷனை அணைப்பது மட்டும் போதாது, கை தானாக ஐகானைத் தேடும். டைமர் போடுவதிலும் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. "இன்னும் 15 நிமிடம்" என்று கேட்கும்போது மறுப்பவர் மிகக் குறைவு. உங்கள் வியாபாரத்தின் சூடான சீசனுக்கு முந்தைய இரண்டு மாதத்தில் இதைத் தொடங்காதீர்கள், சீசன் முடிந்ததும் தொடங்குங்கள்.

கணக்கு இனி பெயர்ப்பலகைதான். புதிதாக வந்து பார்ப்பவர் "கடை இன்னும் இருக்கிறதா?" என்று சந்தேகப்படக் கூடாது, அவ்வளவே அதன் வேலை. மூன்று பதிவுகளை உச்சியில் பின் செய்யலாம்: ஒன்றில் அளவும் விலையும், இரண்டாவதில் ஆர்டர் கொடுக்கும் முறை, மூன்றாவதில் வாடிக்கையாளர் அனுப்பிய படங்கள். பயோவில் ஐந்து லிங்க் வரை போடலாம் என்றாலும் ஒன்று மட்டும் போடுங்கள், அது படிவமாக இருக்கட்டும். ஹைலைட்ஸில் பழைய தள்ளுபடி அறிவிப்பு ஏதாவது தொங்கினால் எடுத்துவிடுங்கள்; இரண்டு வருடத்துக்கு முந்தைய விலையைக் காட்டிச் சண்டைக்கு வருபவர் உண்டு.

விளம்பரம் ஓடுகிறதா என்று பாருங்கள். பணம் கட்டிப் பூஸ்ட் செய்த பதிவை மறந்துவிட்டுப் போனால் கார்டிலிருந்து பணம் போய்க்கொண்டிருக்கும், அதைப் பார்த்துக் கேட்பவருக்குப் பதில் சொல்ல ஆளிருக்காது. எல்லாவற்றையும் நிறுத்தி, பாக்கியைக் கட்டி, கார்டையும் எடுத்துவிடுங்கள். ஃபேஸ்புக்கில் உங்கள் சொந்தக் கணக்கை முடக்கும் எண்ணம் இருந்தால் கவனம்: கடையின் பேஜுக்கு நீங்கள் ஒருவர் மட்டுமே நிர்வாகி என்றால் பேஜும் சேர்ந்து முடங்கும். முதலில் இன்னொருவரை முழு உரிமையோடு சேர்த்துவிடுங்கள். ஆள் நடமாட்டம் குறைந்த கணக்குதான் திருடனுக்கு வசதி என்பதால் இரண்டடுக்குப் பாதுகாப்பை ஆன் செய்து, மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். கணக்கோடு இணைந்த போன் எண்ணைக் கைவிடப் போகிறீர்கள் என்றால் அதற்கு முன்பே மாற்றிவிடுங்கள், ஏனென்றால் விட்ட எண் வேறொருவர் கைக்குப் போகும்.

ஃபாலோயர்களிடம் சொல்ல வேண்டுமா? சொல்லுங்கள், ஆனால் பிரியாவிடை மாதிரி வேண்டாம். "சோர்ந்துவிட்டேன், விலகுகிறேன்" என்று எழுதினால் கடையே மூடுகிறது என்று பாதிப் பேர் நினைப்பார்கள், முன்பணம் கட்டியவர்கள் பதறுவார்கள். "இனி ஆர்டர் எல்லாம் படிவத்தில், புதுத் துணி வந்தால் முதலில் மின்னஞ்சல் பட்டியலில் இருப்பவர்களுக்குத் தெரியும்" என்று மட்டும் எழுதி, அதை மூன்று வார இடைவெளியில் மூன்று முறை போடுங்கள். ஒருமுறை போட்டால் பார்ப்பவர் கொஞ்சம் பேர்தான்.

வியாபாரம் படுத்துவிடுமா என்பதற்கு வருவோம். ரீச் விழும், அதுவும் உடனே விழும். லைக் குறையும், சிலர் அன்ஃபாலோ செய்வார்கள். இவை எதுவும் ஆர்டர் அல்ல. ஆர்டரில் மாற்றம் தெரிய நாளாகும், ஏனென்றால் இன்று வாங்குபவர் எப்போதோ பார்த்து வைத்தவர். மூன்றாவது வாரம் ஆர்டர் குறையவில்லை என்று துள்ளவும் வேண்டாம், ஐந்தாவது வாரம் குறைந்தது என்று பயந்து ரீல்ஸுக்கு ஓடவும் வேண்டாம். ஒப்பிடுவதென்றால் போன மாதத்தோடு ஒப்பிடாதீர்கள், போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். தொடங்கும் முன்பே ஒரு எல்லைக் கோட்டை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து இரண்டு மாதம் புதிய வாடிக்கையாளர் எண்ணிக்கை போன வருடத்தில் பாதிக்குக் கீழே போனால் வாரம் ஒரு பதிவுக்குத் திரும்புவது என்று வைக்கலாம். அப்போதும் டிஎம்மைத் திறக்க வேண்டாம். இன்னொன்று: ஆர்டர் கொஞ்சம் குறைந்து, மிச்சமான நேரத்தில் இருக்கிற ஆர்டரைச் சொன்ன தேதியில் முடிக்க முடிகிறது என்றால் அது நஷ்டமா என்று கையிருப்புப் பணத்தை வைத்துப் பாருங்கள். எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் ஏமாற்றும்.

உதவிக்கு இருக்கும் பெண்ணிடம் ஒப்படைப்பது பற்றி: தாராளமாக ஒப்படையுங்கள், ஆனால் படிவமும் தானியங்கிப் பதிலும் தயாரான பிறகு. அதற்கு முன் கொடுத்தால் உங்கள் தூக்கத்துக்குப் பதில் அவர் தூக்கம் கெடும். பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள், பிசினஸ் சூட்டில் அவர் பெயரில் செய்திகளுக்கும் கமெண்ட்டுக்கும் மட்டும் அனுமதி கொடுக்கலாம், வேலையை விட்டுப் போனால் அதை மட்டும் எடுத்துவிடலாம். செவ்வாய், வெள்ளி காலை முக்கால் மணி நேரம், கடையின் கணினியில், அவருடைய வேலை நேரத்துக்குள். விலை குறைப்பு, பணம் திருப்பித் தருதல், கோபமான கமெண்ட் இவை மூன்றை மட்டும் உங்களிடம் கொண்டுவரச் சொல்லுங்கள், மற்றதை அவரே முடிக்கட்டும். "காப்புரிமை மீறல், 24 மணி நேரத்தில் உங்கள் கணக்கு நீக்கப்படும், இந்த லிங்க்கைத் தட்டி முறையிடவும்" என்று டிஎம்மில் ஒரு செய்தி கட்டாயம் வரும். அது மெட்டாவிடமிருந்து வருவதில்லை, மோசடி. தட்டக் கூடாது என்று முதல் நாளே அவரிடம் சொல்லி வையுங்கள்.